தங்கக் கூரை

குகநாதன் அண்ணை தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கோயிலில் திரை விலக்கப் போகும் ஐயரைப் போல ஒரு கணம் கண்ணை மூடி நின்றார். பிறகு ஒரே இழுப்பு. ட்ரெயிலரில் நின்ற என் பந்தயக் கார் வெளியே வந்தது. கதவில் அவருடைய கடையின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில் இருந்தது. போன மாதம் நெளிந்துபோன பம்பர் நிமிர்ந்திருந்தது. அதுவரைக்கும் எல்லாம் சரி. கூரைதான் தங்க நிறத்தில் தகதகவென்று மின்னியது. இல்ஃபோர்ட்டிலிருந்து மினிபஸ் பிடித்து வந்திருந்த எங்கள் சனம் கை தட்டியது. அண்ணையின் மனைவி சிவனேஸ்வரி அக்கா வடைத் தட்டத்தைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்து காரைக் கும்பிட்டார். பந்தயத் திடலின் கொட்டகைகளில் தங்கள் கார்களுக்கு அடியில் கிடந்து வேலை செய்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரும் கை தட்டவில்லை.

"என்ன ரீச்சர், வடிவாய் இருக்கோ?" என்று கேட்டார் அண்ணை.

நான் என் கணவர் சயந்தனைப் பார்த்தேன். அவர்தான் என் மெக்கானிக்கும். சயந்தன் வானத்தைப் பார்த்தார்.

ஸ்டொக் கார் பந்தயத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கார்களில் கூரையின் நிறம் அழகுக்காக அடிப்பதல்ல. அது ஓட்டுபவரின் தரம். ஆகக் கீழே வெள்ளை, அதற்கு மேலே மஞ்சள், பிறகு நீலம், பிறகு சிவப்பு. சிவப்புக் கூரைக்காரரை நட்சத்திரம் என்பார்கள். ஓட்டம் தொடங்கும்போது வெள்ளைகள் முன்னால் நிற்கும், நட்சத்திரங்கள் பின்னால் நிற்கும். கெட்டிக்காரர் என்றால் பின்னாலிருந்து எல்லாரையும் தாண்டி வரவேண்டும். முன்னால் போகிறவர் வழி விடாவிட்டால் பம்பரால் இடித்துத் தள்ளலாம், சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. தங்கம் இந்த வரிசையில் இல்லை. உலகக் கிண்ணத்தை வென்றவர் ஒருவர் மட்டும், அடுத்தவர் வெல்லும்வரை, தன் கூரையில் தங்கம் பூசலாம். அதற்காக வாழ்நாள் முழுக்க ஓடியும் கிடைக்காமல் போனவர்கள் அந்தக் கொட்டகைகளிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். நான் நீலம்.

அண்ணை செவன் கிங்ஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். வார நாட்களில் நான் கார் ஓட்டப் பழக்குகிறவள், அவர் என்னிடம் பழகியவர். லண்டனுக்கு வந்து கால் நூற்றாண்டாகப் பஸ்ஸிலும் மனைவியின் பக்கத்துச் சீட்டிலும் போய்க்கொண்டிருந்தவர், ஐம்பத்தைந்து வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நல்ல மனிதர், பயமில்லாதவர், அதுதான் பிரச்சினை. லேன் மாறும்போது எங்கேயும் பார்க்க மாட்டார். "தோளுக்கு மேலால பாருங்கோ அண்ணை, பாத்துப்போட்டுத் திருப்புங்கோ" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. பரிசோதகர்களும் அதையேதான் எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒருநாள் பாஸாகிவிட்டார். அன்றைக்கே கடைக்குள் என்னைக் கூட்டிப்போய், வாடிக்கையாளர் எல்லாருக்கும் முன்னால், "ரீச்சற்ற காரில இனி என்ர கடைப் பேர்தான் ஓடும்" என்று அறிவித்தார். ரீச்சரின் கார் என்றால் எந்தக் கார், அது எங்கே ஓடுகிறது, ஏன் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரீச்சர் நொண்டிக்கொண்டு வருகிறார் என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் பேச்சு மாறவில்லை. எங்கள் ஆட்களில் மற்ற எல்லாரும், இது பொம்பிளையள் செய்யிற வேலையோ என்று என்னிடம் கேட்காமல் என் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

நான் இந்தப் பந்தயத்தை முதன்முதலாகப் பார்த்தது விம்பிள்டனில். கணபதி கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில், நாய் ஓட்டம் நடக்கும் பழைய அரங்கத்துக்குள்ளிருந்து இரும்பு இடிபடும் சத்தம் கேட்டது. விபூதி நெற்றியோடு டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். அந்த அரங்கம் இப்போது இல்லை, உதைபந்தாட்ட மைதானமாகிவிட்டது. நான் இருக்கிறேன். வெள்ளைக் கூரையோடு தொடங்கினேன், தோள் எலும்பு ஒருமுறை முறிந்தது, மஞ்சள் வந்தது, நீலம் வந்தது. முதல் வருடம் ஒலிபெருக்கிக்காரர் என் பெயரைச் சொல்லத் தெரியாமல் 'ரூபி' என்று வெட்டிவிட்டார். நான் மாடியேறிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்று, றூபினி சயந்தன் என்று அவர் சரியாகச் சொல்லும்வரை சொல்லிக் கொடுத்தேன். பழக்குவது என் தொழில்தானே. இப்போது என் பெயர் வரும்போது மனிதர் ஒருமுறை மூச்சை உள்ளே இழுப்பது மைக்கில் கேட்கும். அதன் பிறகு ஒரு எழுத்துக்கூடப் பிழைக்காமல் வரும்.

அன்றைய ஞாயிறு பருவத்தின் கடைசி ஓட்டம். பகல் மூன்று மணிக்கு இறுதிப் போட்டி. அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் எனக்குச் சிவப்புக் கூரை. யோர்க்‌ஷையரிலிருந்து கீத் என்பவர் பார்க்க வந்திருந்தார். சொந்தமாக அணி வைத்து, ஓட்டுபவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, வருடம் முழுக்க நாடெங்கும் ஓடவைக்கிறவர். அவரிடம் ஒரு சீட் காலியாக இருந்தது. நட்சத்திரம் என்றால் மட்டும் எடுப்பேன், நீலத்தை எடுத்து வளர்க்க எனக்கு வயதில்லை என்று போனிலேயே சொல்லியிருந்தார். ஆக, மூன்றுக்குள் வந்தால் எல் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு முழுநேரமும் பந்தயக்காரியாக இருக்கலாம். வராவிட்டால் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால் ரிவேர்ஸ் பார்க்கிங். எனக்கு அந்தச் சீட் வேண்டும். ஆசையை மறைத்து அடக்கமாகப் பேசுவது எனக்கு வராது.

நீலத்துக்கு நடுவரிசை இடம். நடுவிலிருந்து மூன்றாவதாக வருவது எனக்குப் பெரிய விஷயமில்லை, அந்த வருடம் இரண்டு தரம் வந்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

"கதவில பேர் எழுதவும் பம்பர் நிமித்தவும் எண்டுதான் நான் காரைக் குடுத்தனான்" என்றார் சயந்தன், மெதுவாக.

"ஓம் தம்பி, அதுவும் செய்தாச்சு" என்றார் அண்ணை. "கூரை என்ர செலவு. போன முறை போட்டோவில பாத்தனான், ஆகத் திறமான கார் தங்கக் கூரையோட நிண்டது. எங்கட பிள்ளைக்கு மட்டும் ஏன் நீலம்? நல்லூரான்ர கோயில் கூரை மாதிரி இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

அவருக்குப் பின்னால் சிவனேஸ்வரி அக்கா ஒரு கடைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பொன்னாடை இருந்தது. சரிகைக் கரை பிளாஸ்டிக் பைக்கு வெளியே தெரிந்தது. நான் வென்றதும் போர்த்துவதற்காம். எனக்குக் கோபம் வந்தது உண்மை. நன்றாகவே வந்தது. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் யாராலும் கத்த முடியாது.

நடுவர் கிரஹாம் வந்தார். குடையோடு வந்தார், தூறத் தொடங்கியிருந்தது. கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாழ்த்துக்கள், எப்போது வென்றாய் என்று கேட்டார். பக்கத்துக் கொட்டகையில் லீ வாய்விட்டுச் சிரித்தான். லீயும் நீலம், அவனுக்கும் அன்றைக்கு மூன்றாம் இடம் தேவைப்பட்டது. அண்ணை கிரஹாமை விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு வடைத் தட்டத்தை நீட்டினார். கிரஹாம் நாகரிகமானவர், ஒன்றை எடுத்துக்கொண்டார். கடித்துக்கொண்டே சொன்னார், இந்தக் கூரையோடு ஓட்டத்துக்குள் விடமுடியாது, மேலே மாடத்தில் இருந்து கணக்கெடுப்பவர்கள் கூரையைப் பார்த்துத்தான் ஆளை அறிகிறார்கள். நீலம் அடிக்கிறோம் என்றார் சயந்தன். மழையில் பெயின்ற் காயாது, ஓடுபாதையில் ஒழுகவும் விடமாட்டேன் என்றார் கிரஹாம். முழுக்க ரேப் நாடா ஒட்டினால் காற்றில் உரிந்து பின்னால் வருபவரின் முகத்தில் போய் ஒட்டும், அதுவும் சரிவராது. ஒரேயொரு வழிதான் இருக்கிறது என்றார். இரண்டு துண்டு கறுப்பு ரேப்பைக் குறுக்கும் மறுக்குமாக ஒட்டி, கடைசி ஆளாக, எல்லாருக்கும் பின்னால் நிற்கலாம்.

கறுப்புப் பெருக்கல் குறி என்றால் இந்த உலகத்துக்கு நேற்றுத்தான் வந்தவர் என்று அர்த்தம். புதியவர்கள் முதல் சில ஓட்டங்களில் அதை ஒட்டிக்கொண்டு, ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கடைசியில் நிற்பார்கள். எங்கள் எல் போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சயந்தனுக்கு முகம் சிவந்தது. "இவ ஏழு வருசமாய் ஓடுறா" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். கிரஹாம் தோளைக் குலுக்கினார். இல்லையென்றால் இன்றைக்கு ஓடாமல் விடலாம், அது உங்கள் விருப்பம் என்றார்.

அண்ணைக்கு ஆங்கிலம் கடைக்குப் போதுமான அளவு தெரியும், அன்றைக்கும் போதுமாக இருந்தது. தட்டத்தை ஒரு பழைய கார் ரயரின் மேல் வைத்தார். "நான் பிழை விட்டிட்டன் என்ன?" என்று கேட்டார். "கேட்டிருக்க வேணும். பாக்காமல் திருப்பிப்போட்டன். எத்தினை தரம் சொல்லித் தந்தனீங்கள்." பின்னால் நின்ற சனத்துக்கு இன்னும் விளங்கவில்லை, யாரோ செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வேலியோரம் கீத் நின்றார். கொலரைத் தூக்கிவிட்டு, கையில் பேப்பர் கோப்பையோடு, என் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் திரும்பித் தன் காருக்குப் போனால் கதை முடிந்தது. அவர் போவதற்கு முன் நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

"என்னப்பா பாக்கிறீங்கள், ரேப்பை எடுங்கோ" என்றேன் சயந்தனிடம்.

"கடைசியில நிண்டு மூண்டாவதாய் வரோணும். நீர் யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"நட்சத்திரங்கள் எங்க நிக்கிறவை? பின்னாலதானே. அடுத்த வருசம் நிக்கப்போற இடத்தில இண்டைக்கே நிண்டு பாக்கிறன்."

சொல்லும்போதே எனக்கு அது சரியென்று பட்டது. வாயால் வந்த வீராப்பு இல்லை. நான் ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு அண்ணையிடம் போனேன். "அண்ணை, ஒண்டும் யோசியாதேங்கோ. கடைசியில நிண்டால் எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்லை. இடி வாங்கத் தேவையில்லை, குடுக்கிறதுதான் வேலை" என்றேன். அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை.

முப்பது கார்களுக்குப் பின்னால் நின்று ஒரு பந்தயத்தைப் பார்ப்பது தனி அனுபவம். முன்னால் பம்பர்களும் புகையும் மட்டும்தான். தண்ணீர் பின் ரயர்களிலிருந்து வாரியடித்து வலைக்கம்பிக்குள்ளால் முகத்தில் விழுந்தது. இந்தக் கார்களில் முன்கண்ணாடியும் இல்லை, பக்கக் கண்ணாடியும் இல்லை. பின்னால் வருகிறவரைப் பற்றிக் கவலைப்படக்கூடாது என்பது இந்தப் பந்தயத்தின் ஒழுங்கு. பச்சைக் கொடி விழுந்தது.

முதல் வளைவிலேயே வெள்ளைகளும் மஞ்சள்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. நான் வெளிச்சுற்றால் போனேன். அங்கே ஈரம் கூட, ஆனால் சனம் குறைவு. என் பலம் என்னவென்று எனக்குத் தெரியும். வருடக்கணக்காக நான் பயந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்து வருகிறேன். ஒருவர் பிரேக்கை மிதிக்கப் போகிறார் என்பதை அவருடைய கால் நினைப்பதற்கு முன்னமே அறிந்துகொள்வது என் பிழைப்பு. காரின் பின்பக்கத்தைப் பார்த்தாலே போதும், உள்ளே இருப்பவரின் தயக்கம் தெரிந்துவிடும். தயங்கியவனை இடப்பக்கத்தால் தட்டினேன், அவன் வெளியே சறுக்கினான், நான் உள்ளே போனேன். அடுத்தவன் பிடிவாதக்காரன், அவனுக்கு இரண்டு தட்டு. ஒரு நட்சத்திரம் என்னைச் சுவரோடு நசுக்கப் பார்த்தான். தங்கக் கூரையை நசுக்கினேன் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசைப்பட்டிருப்பான். நான் பிரேக் அடித்தேன், அவன் சுவரை நசுக்கினான். அப்போது நான் ஹெல்மெற்றுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தேன். எனக்கு இந்தத் தொழில் எவ்வளவு பிடிக்கும் என்பதை இதைவிட விளக்கமாக யாருக்கும் சொல்ல முடியாது.

பாதி ஓட்டத்தில் எட்டாவது. ஆறாவதாக இருந்தபோது எண்ணெய் மணம் வந்தது, என்னுடையதா மற்றவருடையதா என்று பார்க்க நேரமில்லை. கடைசிச் சுற்றுக்கான பலகை காட்டப்பட்டபோது நான் நாலாவது. முதல் இரண்டு பேரும் எட்டாத தூரத்தில் போய்விட்டார்கள். எனக்கு முன்னால் லீ. அவனுக்கு நான் பின்னால் இருப்பது தெரியும், என் இயந்திரத்தின் சத்தம் தெரியும். உள்வழியை இறுகப் பூட்டிக்கொண்டு ஓடினான். லீ பயந்தவன் இல்லை, அவனிடம் தயக்கத்தைத் தேடிப் பிரயோசனமில்லை. ஆனால் சீறிக்கொண்டு போகிறவனுக்கும் ஒரு பழக்கம் இருக்கும். கடைசி வளைவுக்கு முன் லீ எப்போதும் காரை ஒரு சொட்டு வெளியே எடுத்து உள்ளே வெட்டுவான். அந்த ஒரு சொட்டுக்காகக் காத்திருந்தேன். எடுத்தான். முழு வேகத்தில் அவனுடைய பின் பம்பரில் போய் ஏறினேன்.

அடித்த அடியில் என் பல் கிட்டியது. லீயின் கார் அகன்றது, ஆனால் சுழலவில்லை, அந்த விஷயத்தில் அவன் கெட்டிக்காரன். நான் உள்ளே, அவன் வெளியே, இருவரும் கதவோடு கதவு உரசிக்கொண்டு நேர்ப்பாதைக்குள் வந்தோம். கோடு எங்களுக்கு அடியால் போனது. யாருடைய மூக்கு முன்னால் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே பார்த்தேன், லீயும் ஹெல்மெற்றைத் திருப்பி என்னைத்தான் பார்த்தான், அவனுக்கும் தெரியவில்லை.

கொட்டகைக்கு வந்து வலையைக் கழற்றி இறங்கினேன். மழை விட்டிருந்தது. சயந்தன் என்னைப் பிடித்துக்கொண்டார், தலையை என் ஹெல்மெற்றில் ஒருமுறை முட்டினார். மேலே மாடத்தில் கணக்கெடுப்பவர்கள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சனம் யார் வென்றது என்று தெரியாமலே எல்லாரையும் வாழ்த்திக் கத்திக்கொண்டிருந்தது, லீக்கும் ஒரு வடை போய்ச் சேர்ந்திருந்தது. கூரையில் பெருக்கல் குறியின் ஒரு கை உரிந்து போயிருந்தது. வேலியோரம் கீத் அதே இடத்தில் நின்றார், கோப்பை வெறுமையாகியிருக்க வேண்டும், இருந்தும் கையிலேயே வைத்திருந்தார்.

அண்ணை காருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். ஒரு கையில் சயந்தனின் வான் வண்டியிலிருந்து எடுத்த பிரஷ். காலடியில் இரண்டு பெயின்ற் ரின்கள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இரண்டும் மூடித்தான் இருந்தன.

"ரீச்சர்," என்றார், "இந்த முறை கேட்டுத்தான் அடிப்பன். எந்தக் கலர்?"

"இன்னும் சொல்லேல்லை அண்ணை" என்றார் சயந்தன் மாடத்தைக் காட்டி. "பொறுங்கோ, முடிவு வரட்டும்."

அண்ணை சயந்தனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் கையுறையைக் கழற்றினேன். அந்தக் கடைசி வளைவை மனதுக்குள் இன்னொருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம். இன்றைக்கு அந்த அங்குலம் யாருடையதாகவும் இருக்கலாம். ஆனால் முப்பது கார்களுக்குப் பின்னாலிருந்து அந்த வளைவுக்கு வந்தவள் யாரென்று எனக்குத் தெரியும், கீத்துக்கும் இப்போது தெரியும்.

"சிவப்பு" என்றேன்.

அண்ணை தலையாட்டினார். கூரை நனைந்திருந்தது. சுற்றிலும் துணி தேடினார், கிடைக்கவில்லை. சிவனேஸ்வரி அக்கா பையைத் திறந்து பொன்னாடையை எடுத்து அவரிடம் நீட்டினார். என் தோளுக்கென்று வாங்கிய அந்தச் சரிகைத் துணியால் அண்ணை என் கூரையை மூலைக்கு மூலை துடைத்தார், மிச்சமிருந்த கறுப்பு ரேப்பை உரித்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. சிவப்பு ரின்னைத் திறந்து பிரஷை முக்கி எடுத்தவர், கூரையில் வைப்பதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, நான் பழக்கியபடியே, தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் வரவில்லை. முதல் கோட்டை இழுத்தார். மேலே மைக்கில் ஒலிபெருக்கிக்காரர் ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.